விடிகாலை மூன்று மணி மாத்திரை

போன வருஷம் ஆடி கடைசி வெள்ளிக்கு நாங்கள் பதினாலு பேர் இருக்கன்குடிக்கு நடந்து போனோம். எங்களோடு என் அத்தையும் வந்தாள். அப்பாவின் தங்கை, ஐம்பத்தெட்டு வயசு. முப்பது வருஷத்துக்கு மேல் பட்டாசு ஆபீசுக்குப் போய்ச் சம்பாதித்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். சுகர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மூன்று வருஷத்துக்கு முன் வலது கண்ணில் புகை மூட்டம் போட்ட மாதிரி தெரிகிறது என்றாள். மதுரைக்குக் கூட்டிப் போனோம். விழித்திரையில் சிறு ரத்தக்குழாய்கள் கசிந்திருந்தன. லேசர் வைத்தார்கள், பார்வை தப்பியது. அதற்கு முன்பே அவள் நேர்ந்துகொண்டிருந்தாள்: "கண்ணு தெளிஞ்சா நடந்தே வந்து கண்மலர் போடுறேன் தாயே."

இருக்கன்குடி மாரியம்மனைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. சாத்தூருக்குக் கிழக்கே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில், இரண்டு ஆற்றுக்கும் நடுவே இருக்கிறாள். கண் நோய் என்றால் கரிசல்காட்டு ஜனங்களுக்கு முதல் நினைப்பு அவள்தான். வெள்ளியில் கண்மலர், ஆயிரங்கண் பானை, தீச்சட்டி, மாவிளக்கு என்று ஆடியிலும் தையிலும் ஆற்று மணல் கொள்ளாத கூட்டம்.

அன்றைக்கு ராத்திரி இரண்டரை மணிக்கே எழுந்து குளித்து, மஞ்சள் சேலை கட்டி, மூன்று மணிக்குக் கிளம்பினோம். கோவிலில் பொங்கல் வைத்து இறக்குகிறவரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் பல்லில் படாது என்பது அத்தையின் விரதம். ஆனால் மாத்திரையை மட்டும் மறக்கவில்லை. "மாத்திரை சாப்பாட்டுல சேராதுல்ல?" என்று என்னிடமே கேட்டாள். நான் அரைத் தூக்கத்தில் ஆமாம் என்றேன். அந்த ஆமாமுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

பொழுது நன்றாக விடிந்து, கோவில் மைக் செட் சத்தம் காதில் விழுகிற தூரத்துக்கு வந்தபோது அத்தை நின்றுவிட்டாள். கைகள் நடுங்கின. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத வார்த்தைகள் வந்தன. பார்வை எங்கேயோ நிலைத்திருந்தது. கூட வந்த பெண்கள் குலவையிட்டார்கள். ஒருத்தி ஓடிப்போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்தாள். "ஆத்தா இறங்கிட்டா, தள்ளி நில்லுங்க. என்ன கேக்கான்னு கேளுங்க" என்றார் ஒரு பெரியவர். நானும் கைகூப்பினேன்.

கும்பிட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தேன். கிணற்றிலிருந்து எடுத்த வாளி மாதிரி சில்லிட்டு ஈரமாக இருந்தது. எங்கள் அப்பாவுக்கும் சுகர் உண்டு. ஒரு முறை அவர் கை இப்படிச் சில்லிட்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அவருடைய குளுக்கோமீட்டர் என் பையில்தான் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். 46.

நல்ல வேளையாக அவளால் விழுங்க முடிந்தது. நைவேத்தியத்துக்குக் கொண்டு போன வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தோம். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. "நாம எங்கத்தா இருக்கோம்?" என்றாள். விரதம் முறிந்தது தெரிந்ததும் அழுதாள். குலவையிட்டவர்களில் வயதில் மூத்தவர் அவள் முதுகைத் தடவி, "பிள்ளை பசியில மயங்குறதையா ஆத்தா கேட்டா? மிச்சத்தையும் குடி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரை நான் இன்னும் கும்பிடுகிறேன்.

சாமி வருவதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எங்கள் அப்பத்தாவுக்குச் சாமி வந்து, அவள் கை திருநீற்றுக்குக் குனிந்து வளர்ந்தவள் நான். சொல்ல வருவது ஒன்றுதான்: நடுக்கம், வேர்வை, குழறல், நிலைகுத்திய பார்வை இவையெல்லாம் சர்க்கரை இறங்கும்போதும் வரும். சுகர் மாத்திரை போடுகிற ஒருவருக்கு வந்தால் குலவை இடுகிற அதே நேரத்தில் ஒருவர் வெல்லமும் கரைக்கட்டும்.

ஊருக்குத் திரும்பியும் எனக்கு மனசு ஆறவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவள். அவள் வயிற்றில் ஒன்றுமே இல்லாதபோது எதை நம்பிக் கணையம் இன்சுலினைக் கொட்டியது? அதைத் தேடிப் போனபோதுதான் நான் அதுவரை பாடத்தில் நடத்தாத ஒரு விஷயத்தில் போய் நின்றேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற பீட்டா செல் மின்சாரத்தில் வேலை செய்கிறது.

மூளைக்கும் இதயத்துக்கும் மின்சாரம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும், இ.சி.ஜி. எடுக்காதவர் யார்? கணையத்தை நாம் வெறும் சுரப்பி என்றுதான் படித்தோம். ஆனால் 1968-ல் டீன், மேத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் கணையச் செல்லுக்குள் மயிரிலும் மெல்லிய கண்ணாடி மின்முனையைச் செருகிப் பார்த்தார்கள். குளுக்கோஸ் கொடுத்ததும் அந்தச் செல் நரம்புச் செல் மாதிரியே படபடவென்று மின் துடிப்புகளை வெளியிட்டது.

கணையத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் குட்டித் தீவுகள் இருக்கின்றன. 1869-ல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் நுண்ணோக்கியில் கண்டவை. அவர் பெயரால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். எல்லாம் சேர்ந்தாலும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. ஒவ்வொரு திட்டிலும் பீட்டா செல்கள் நெருக்கிக்கொண்டு இருக்கும். சும்மா இருக்கும்போது ஒரு பீட்டா செல்லின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். ஒரு பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை, இது ஒரு அளவா என்று தோன்றும். ஆனால் அந்த அழுத்தம் நிற்பது செல்லின் சவ்வுக்குக் குறுக்கே. சவ்வின் தடிமன் ஏழெட்டு நானோமீட்டர்தான். கணக்குப் போட்டால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் பக்கம் வருகிறது. காற்று பிளந்து பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது என் பிள்ளைகளைவிட எனக்குத்தான் ஆச்சரியம் அதிகம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத சின்ன மின்சாரத்தைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். பட்டாசு ஆபீசில் வெடிமருந்து இருக்கிற அறைக்குள் நுழையும் முன் எர்த் செய்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நைலான் சேலை கூடாது, பருத்திதான். உடம்பில் உரசலால் சேர்ந்த மின்னூட்டம் ஒரு பொறியாக மருந்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை இந்த மண் பலமுறை பார்த்துவிட்டது. அத்தையிடம் பீட்டா செல்லைப் பற்றிச் சொன்னபோது அவள் முதலில் கேட்டது: "அப்ப உள்ளயும் பொறி விழுகுதா?" விழுகிறது அத்தை.

எப்படி விழுகிறது என்பதைக் கண்மாய் மடையை வைத்துச் சொன்னால்தான் எனக்கே விளங்குகிறது. பீட்டா செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியே போகிற மடைகள் இருக்கின்றன. சும்மா இருக்கும்போது அவை திறந்தே கிடக்கும். நேர் மின்னூட்டமுள்ள பொட்டாசியம் கசிந்துகொண்டே இருப்பதால் உள்பக்கம் எதிர்த்தன்மையாகவே நிற்கும். செல் அமைதியாக இருக்கும். நாம் சோறு சாப்பிடுகிறோம். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறி, பீட்டா செல்லுக்குள் புகுந்து எரிகிறது. எரிந்தால் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு உண்டாகும். அந்த ஏடிபிதான் மடையை மூடுகிற ஆள். மடை அடைத்ததும் உள்ளே நேர் மின்னூட்டம் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. ஒரு மட்டத்தைத் தாண்டியதும் கால்சியத்துக்கான வேறொரு மடை திறந்து, வெளியே காத்திருந்த கால்சியம் பாய்ந்து உள்ளே வருகிறது. அந்தப் பாய்ச்சலில், செல்லுக்குள் அடுக்கி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான இன்சுலின் பொட்டலங்களில் கொஞ்சம் சவ்வோடு ஒட்டி உடைந்து ரத்தத்தில் கலக்கின்றன.

சாப்பாடு செரித்துக் குளுக்கோஸ் இறங்கினால் ஏடிபி குறையும், மடை மறுபடி திறந்துகொள்ளும், துடிப்பு நிற்கும், இன்சுலின் நிற்கும். தண்ணீர் மட்டம் பார்த்து மடை திறந்து மூடுகிற நீர்ப்பாய்ச்சிக்கு நிகரான வேலை இது. இதைச் செய்வது ஒற்றைச் செல்லும் அல்ல. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் நுண்ணிய துளைகளால் இணைந்திருப்பதால் ஒன்றின் துடிப்பு அடுத்ததற்குத் தாவும். சரவெடியில் திரி வழியாகத் தீ போகிற மாதிரி ஒரு திட்டு முழுவதும் ஒரே அலையாக வெடித்து அடங்கும். கொஞ்சம் ஓய்ந்து மறுபடி வெடிக்கும். ஆரோக்கியமான உடம்பில் இன்சுலின் சீராக ஒழுகுவதில்லை. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அலை அலையாகத்தான் வருகிறது. டைப் 2 சுகர் வரும் காலத்தில் முதலில் கெட்டுப்போவதில் இந்தத் தாளமும் ஒன்று.

இந்தப் பொட்டாசியம் மடைக்கும் குளுக்கோசுக்கும் உள்ள தொடர்பை 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபிரான்சிஸ் ஆஷ்கிராஃப்டும் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். செல்லின் ஒரு துணுக்குச் சவ்வைக் கண்ணாடிக் குழாயின் நுனியில் ஒட்டவைத்து, ஒற்றை மடை திறந்து மூடுவதையே அளக்கிற முறை அப்போது வந்திருந்தது. அந்த முறைக்காக நேஹர், சாக்மன் இருவரும் 1991-ல் நோபல் பரிசு வாங்கினார்கள்.

இனி அத்தையின் மாத்திரைக்கு வருகிறேன். அவள் போட்டது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது. நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் மாத்திரை. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலில் வேலை செய்வது. தனியாகப் போட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது மிக அபூர்வம். கிளிமிபிரைடு வேறு ஜாதி. கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு இவற்றோடு சேர்ந்து சல்ஃபோனைல்யூரியா என்ற குடும்பம்.

இந்தக் குடும்பம் கண்ணில் பட்டதே ஒரு விபத்தில். 1942-ல், யுத்தக் காலத்தில், பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய கந்தக மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். சிலருக்கு வலிப்பு வந்தது, சிலர் இறந்தே போனார்கள். பார்த்தால் ரத்தச் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அதே ஊர் உடலியல் ஆய்வாளர் ஓகுஸ்த் லூபத்தியேர் நாய்களில் சோதித்து, அந்த மருந்து கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிகிறது என்று காட்டினார். 1950-களின் நடுவில் சுகர் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. எப்படிப் பிழிகிறது என்று தெரியாமலேயே உலகம் முழுக்க முப்பது வருஷம் விழுங்கினார்கள். 1985-ல்தான் விடை வந்தது: இந்த மாத்திரை நேரே அந்தப் பொட்டாசியம் மடையில் போய் உட்கார்ந்து அதை மூடிவிடுகிறது.

ஏடிபி மூட வேண்டிய மடையை மாத்திரை மூடுகிறது. சோறு வந்ததா, குளுக்கோஸ் எரிந்ததா என்று மாத்திரைக்குத் தெரியாது. மடை மூடினால் மின்னழுத்தம் ஏறும், கால்சியம் பாயும், இன்சுலின் கொட்டும். அத்தையின் கணையத்தில் அன்றைக்கு நடந்தது இதுவேதான். மூன்று மணிக்கு விழுங்கிய மாத்திரை மடைகளை அடைத்துவிட்டது. வயிறு காலி. போதாக்குறைக்கு நாலு மணி நேர நடை. நடக்கிற கால் தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருந்தன. மற்ற நாளில் சர்க்கரை குறைந்ததும் மடையைத் திறந்துவிடுகிற அந்த நீர்ப்பாய்ச்சியின் கையைக் கட்டிப் போட்டிருந்தோம்.

மாத்திரை சாப்பாட்டில் சேராதுதான். ஆனால் சாப்பாட்டை நம்பித்தான் இருக்கிறது. அதை நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மாத்திரை மேல் கோபம் வந்தால் அதைத் தணிக்கிற ஒரு கதையும் இதே மடையில்தான் இருக்கிறது. நம் சென்னைக்கும் அதில் பங்கு உண்டு. பிறந்து ஆறு மாதத்துக்குள் சில குழந்தைகளுக்குச் சுகர் வரும். மிக அபூர்வம். பால் குடித்துக்கொண்டே எடை குறையும், மூச்சு வாங்கும், ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஐந்நூறு அறுநூறு என்று காட்டும். முன்பெல்லாம் இதற்கும் ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். உள்ளங்கை அளவு தொடையில் நாளுக்கு மூன்று நான்கு தடவை ஊசி குத்துகிற தாயை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் கூடினால் சர்க்கரை இறங்கி வலிப்பு, கொஞ்சம் குறைந்தால் ஏறி மயக்கம்.

2004-ல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியும் அன்னா க்ளாயினும் சேர்ந்த குழு, இப்படிப்பட்ட குழந்தைகள் பலருக்கு அந்தப் பொட்டாசியம் மடையைக் கட்டுகிற மரபணுவிலேயே பிழை இருப்பதைக் கண்டது. மரபணுவின் பெயர் கேசிஎன்ஜே11. பிழையான மடை ஏடிபியை மதிக்காது, மூடாது. குழந்தையின் பீட்டா செல்லில் இன்சுலின் பொட்டலங்கள் குவிந்து கிடக்கும். ஆனால் மின்னழுத்தம் ஏறாததால் ஒரு சொட்டும் வெளியே வராது. ஆஷ்கிராஃப்ட் இருபது வருஷத்துக்கு முன் எலிச் செல்லில் கண்ட மடை இதுதான். ஏடிபியால் மூட முடியாததைச் சல்ஃபோனைல்யூரியா மூடுமா? மூடியது. 2006-ல் வெளியான ஆய்வில் 49 பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியை முழுக்க நிறுத்தினார்கள். ஊசியில் இருந்ததைவிடச் சர்க்கரையும் நன்றாக அடங்கியது.

சென்னையில் டாக்டர் வி. மோகன் நிறுவிய மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் டாக்டர் ராதா வெங்கடேசனின் மரபணு ஆய்வுக்கூடம் இந்தச் சோதனையை நம் நாட்டுக் குழந்தைகளுக்குச் செய்து வருகிறது. கேசிஎன்ஜே11-லும் அதன் துணை மரபணுவான ஏபிசிசி8-லும் பிழை உள்ள இந்தியக் குழந்தைகளை அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்சுலினை விட்டுக் கிளிபென்கிளமைடு மாத்திரைக்கு மாறிய பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் இது பலிக்காது. இன்சுலின் மரபணுவிலேயே பிழை என்றால் ஊசி ஒன்றே வழி. அதனால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் சுகர் வந்த குழந்தை உங்கள் ஊரில் எந்த வீட்டிலாவது இருந்தால், இன்றைக்கு வளர்ந்து ஆளாகியிருந்தாலும், மரபணுச் சோதனை செய்தார்களா என்று மட்டும் கேளுங்கள். இந்தப் பதிவில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்.

சுகரில் ஏழையின் மாத்திரை என்று சொல்லத்தக்க சல்லிசான மாத்திரை ஒன்று, நுட்பத்திலும் நுட்பமான ஒரு மின் பழுதைச் சரிசெய்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று எங்கள் ஊரில் நடந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். அத்தைக்கு மயக்கம் வந்த இரண்டு மாதத்தில் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். காலை வைத்தால் விறுவிறு என்று கரண்டு ஏறும். பதினைந்து நாள் இலவசம், பிறகு விலைக்கு. "கால் வழியாக் கரண்டு கணையத்துக்குப் போயி, தூங்குற செல்லை எழுப்பிரும், மாத்திரையே தேவையில்லை" என்று மைக்கில் சொன்னான் ஒரு பையன். வரிசையில் நின்றவர்கள் பூராவும் பட்டாசு ஆபீசிலும் தீப்பெட்டி ஆபீசிலும் உழைத்துக் கால் மரத்துப்போனவர்கள். இரண்டு பேர் மாத்திரையை நிறுத்தியே விட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பீட்டா செல் மின்சாரத்துக்கு அடங்கும் என்பது நிஜம். அதனாலேயே இந்தப் பொய்க்கு ஒரு நிஜத்தின் சாயல் கிடைத்துவிடுகிறது. பாதத்தில் ஏறும் கரண்டு பாதத்துத் தோலையும் நரம்பையும் கெண்டைக்கால் தசையையும் துடிக்க வைத்து அங்கேயே அடங்கிவிடும். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிற கணையத்துக்கு அது போய்ச் சேராது. தசை துடிப்பதால் கொஞ்சம் சர்க்கரை செலவாகலாம். அதைவிட அதிகமாகக் கோவிலைச் சுற்றி நாலு நடை நடந்தால் செலவாகும். மரத்துப்போன காலில் சூடு, புண் வந்தாலும் உறைக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கணையத்தை மின்சாரத்தால் எட்டுகிற வழி உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளைகள் பீட்டா செல்கள் வரை போகின்றன. 1967-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நாயில் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டியபோது இன்சுலின் சுரப்பு கூடியது. நமக்கு இது தினமும் நடக்கிறது. சாத்தூர் கடைத்தெருவில் காராச்சேவு வேகிற எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும், ஒன்றுகூட வாயில் போடும் முன்பே, இந்த நரம்பு வழியாகக் கணையத்துக்குச் சேதி போய், கொஞ்சம்போல இன்சுலின் சுரந்துவிடுகிறது.

வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து இன்சுலின் வரவழைக்கிற நிஜமான ஆராய்ச்சியும் நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபுஸ்ஸனெக்கரின் குழு 2020-ல் ஒரு வேலை செய்தது. மனிதச் செல்களை மின்சாரத்துக்கு இன்சுலின் விடும்படி மாற்றியமைத்து, சிறு கருவிக்குள் வைத்து, சுகர் உள்ள எலியின் தோலடியில் பதித்தார்கள். கம்பியில்லாமல் மின் சேதி அனுப்பினால் சில நிமிஷத்தில் இன்சுலின் வந்தது. 2023-ல் அதே குழு இன்னொரு வழி கண்டது: தோலடியில் பதித்த செல்களுக்கு அக்குபங்சர் ஊசி வழியாக 4.5 வோல்ட், பத்து விநாடி. மூன்று பென்சில் பேட்டரி கொடுக்கிற அழுத்தம் அவ்வளவுதான். எலியின் சர்க்கரை சீரானது. இதில் கவனிக்க வேண்டியது, கரண்டுக்கு இசைந்தது எலியின் சொந்தக் கணையம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றிப் பதித்த செல்கள். மனிதரிடம் இது இன்னும் வரவில்லை. மண்டபத்துப் பையன் கையில் இருந்தது இதுவல்ல.

மனிதரிடம் வந்திருக்கிற ஒன்று வேறு உறுப்பில். ஆம்ஸ்டர்டாமில் எண்டோஸ்கோப் வழியாகச் சிறுகுடலின் முதல் பகுதியின் உள்தோலுக்கு மின் துடிப்பு கொடுத்து, கூடவே செமாகுளூட்டைடு மருந்தும் கொடுத்தார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 14 பேரில் 12 பேர் இரண்டு வருஷத்துக்குப் பிறகும் இன்சுலின் இல்லாமல் இருப்பதாக 2024-ல் அறிவித்தார்கள். பதினாலு பேர் என்பது எங்கள் பாதயாத்திரைக் கூட்டத்தின் எண்ணிக்கை. அவ்வளவு சின்ன சோதனை. பெரிதாகச் செய்து பார்க்கட்டும், ஆவலோடு காத்திருக்கிறேன்.

அதுவரை நம் கையில் இருப்பது மாத்திரையும் நேரத்துக்குச் சோறும். 2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வுப்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர். அதில் எத்தனையோ பேர் அதிகாலை ஐந்தரைக்கு, கம்பெனி வேன் வரும் முன், மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள். சட்டி திறப்பது பத்து மணிக்கு. அந்த நாலரை மணி நேரம் பீட்டா செல்லின் மடை மூடிக் கிடக்கிறது. கை நடுங்கக் கூடாத வேலையில் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் "நான் முதல் வாய் சோறு சாப்பிடுவது பத்து மணிக்கு" என்று சொல்லுங்கள். அதற்குத் தக்கபடி அவர் நேரத்தையும் மாத்திரையையும் மாற்றித் தருவார். கிளிமிபிரைடு முதல் சாப்பாட்டை ஒட்டிப் போடவேண்டிய மாத்திரை. விரதம் என்றாலும் ஒரு வாரம் முன்பே போய்க் கேட்க வேண்டும்.

எழுபதுக்குக் கீழே இறங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோசோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும், 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று: இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏறிவிட்டு மறுபடி இறங்கும். மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை மடை மூடியேதான் இருக்கும். வயசானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது ஒரு நாளுக்கு மேலும் இழுக்கலாம். அத்தை வெல்லத்தண்ணி குடித்துத் தெளிந்ததும் நாங்கள் நடந்தே கோவிலுக்குப் போனோம். அது தப்பு. நேரே கோவிலில் இருந்த மருத்துவ முகாமுக்குக் கொண்டு போயிருக்க வேண்டும்.

அத்தையின் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கிளிமிபிரைடை நிறுத்தி சிட்டாகிளிப்டின் எழுதினார். அதுவும் இன்சுலினைக் கூட்டுவதுதான், ஆனால் மடையில் கை வைப்பதில்லை. சோறு வந்து மடை தானாக மூடிய பிறகு, உள்ளே பாய்கிற கால்சியத்துக்கு இன்னும் கொஞ்சம் வலு சேர்க்கிற வகை. சோறு வராத நேரத்தில் பெரும்பாலும் சும்மா இருக்கும். 2022-ல் காப்புரிமை முடிந்ததும் விலையும் எங்களுக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. எல்லோருக்கும் இதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். கிளிமிபிரைடு பலருக்கு வருஷக்கணக்கில் நன்றாகவே காப்பாற்றுகிறது. அவரவர் உடம்பு, அவரவர் வேலை.

அன்றைக்குக் கண்மலரை அவள் போட்டுவிட்டுத்தான் வந்தாள். இந்த வருஷமும் நடக்கப் போகிறோம். கிளம்பும் முன் இரண்டு இட்லி என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆத்தாவிடம் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டதாகச் சொன்னாள். முந்தியில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை முடிந்து வைத்திருக்கிறாள். ஷெட்டில் புதுசாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் காலையில் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறாளாம்: "தகட்டைத் தொட்டியாத்தா? சாப்பிட்டியா?"